துண்டில் சுற்றிய மோட்டார்

உலக வரலாற்றில் இதுவரை தோற்ற படைகள் எதுவும் வீரமில்லாமல் தோற்கவில்லை, உதிரிபாகம் நேரத்துக்கு வந்து சேராமல்தான் தோற்றன என்று ஷைஜு ஞாயிற்றுக்கிழமை காலையில் அறிவித்தான்.

அறிவித்த இடம், கடற்கரை ஊரான இனயத்தில் மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசை. கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் இரண்டு பேர். மனைவி ஜின்சி புட்டில் பயறை ஊற்றிக்கொண்டிருந்தாள். மாமியார் லீமா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் மீன் ஊறுகாயை அடைத்து, அதன் வாயைப் பாலித்தீன் கவரால் மூடிக்கொண்டிருந்தாள்.

"அப்படியா மருமோனே," என்றாள் லீமா. "அந்தக் கயற இஞ்ச தாருங்க."

ஷைஜு கயிற்றை எடுத்துக் கொடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். நாகரிகம் என்பது வேறொன்றும் இல்லை. ஒரு பொருள், சொன்ன நாளில், சொன்ன இடத்துக்கு, சொன்ன எண்ணிக்கையில் போய்ச் சேர்வது. கோயிலும் கோபுரமும் கவிதையும் அதற்கப்புறம் சாவகாசமாக வந்தவை.

"இந்த ஊறுகாய் எங்க போகுது மாமி?"

"தூத்துக்குடிக்கு. எனக்க தங்கச்சிக்கு."

"கூரியர்லயா?"

"கூரியர் எதுக்கு? மேலத்தெரு ஜெனட் இன்னைக்கு அங்கோட்டு போறா. அவ கையில குடுத்து விட்டா பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மருந்துக்கடையில குடுப்பா. மருந்துக்கடைக்காரன் எனக்க தங்கச்சி மவனுக்கு கூட்டுக்காரன்."

ஷைஜு கண்ணை மூடித் திறந்தான். "மூணு கை மாறுது. ரசீது கிடையாது. எங்க நிக்குதுன்னு பாக்க வழி கிடையாது. ஜெனட் பஸ்ல உறங்கிட்டா? இதுக்குப் பேரு சப்ளை செயின் இல்ல மாமி. நேர்ச்சை. உண்டியல்ல போட்டுட்டுக் கும்பிட்டுட்டு வாறது."

"நேர்ச்சையும் போய்ச் சேருதுல்லா?" என்று கேட்டுவிட்டு, பாட்டிலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு லீமா மேலத்தெருவுக்குக் கிளம்பினாள்.

ஷைஜுவின் அன்றைய நிலைமை தெரிந்த யாரும், அவன் படைகளின் தோல்வியைப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

மச்சினன் ஜிபின் நாகர்கோவில் வடசேரியில், ஒரு வாழைத்தார் மண்டியின் மாடியில் ரோபோ கம்பெனி நடத்துகிறான். அவன் செய்த ரோபோவுக்கு நண்டு என்று பெயர். தண்ணீருக்குள் இறங்கி, மீன்பிடிப் படகின் அடிவயிற்றில் ஊர்ந்து, ஒட்டியிருக்கும் பாசியையும் சிப்பியையும் சுரண்டித் தள்ளும். படகைக் கரையேற்ற வேண்டாம், ஆள் முங்க வேண்டாம், டீசலும் மிச்சம். ஜிபினின் அப்பா கிளீட்டஸ் விசைப்படகில், ஊர்ப்பேச்சில் போட்டில், மீன்பிடிக்கப் போய் குஜராத் பக்கம் கிடக்கிறார். அவர் திரும்பி வருவதற்குள் இந்தக் கம்பெனி ஒரு கம்பெனி என்று நிரூபித்துவிட வேண்டும் என்பது ஜிபினின் ஆசை.

அந்த ஆசைக்கு உதிரிபாகம் வாங்கித் தரத்தான் ஷைஜு பெங்களூர் வேலையை விட்டு வந்தான். மண்டி மாடியில் மொத்தம் ஐந்து பேர். அதில் வழங்கல் துறைக்குத் தலைவர் ஷைஜு. துறையும் ஷைஜுதான். வந்த வாரமே அவன் ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு எண் கொடுத்தான். எதையும் ஒரே கடையை நம்பி வாங்கக்கூடாது, எதற்கும் இரண்டு சப்ளையர் என்று சட்டம் போட்டான். நண்டின் பிளாஸ்டிக் உடம்பு நாகர்கோவிலிலேயே வெட்டி வந்தது, ரப்பர் வளையங்கள் கோயம்புத்தூரிலிருந்து வந்தன, பேட்டரி லாரியில் வந்தது. எல்லாம் சொன்ன நாளில் வந்தன.

நண்டை நீந்த வைக்கும் நாலு மோட்டார் மட்டும் வரவில்லை.

அதற்கும் ஷைஜுதான் காரணம். சீனாவிலிருந்து வரும் பெட்டியில் என்ன இருக்கிறது என்று சுங்கத்துக்கு எழுத வேண்டிய இடத்தில், 'சின்ன மோட்டார், நாலு' என்று எழுத அவனுக்குக் கை வரவில்லை. 'தன்னியக்கக் கடலடி ஊர்திக்கான உந்துவிசை அமைப்பு' என்று எழுதினான். அதைச் சென்னையில் படித்தவருக்கு இயல்பான ஒரு ஆர்வம் ஏற்பட்டு, தாங்கள் எந்த நாட்டுக் கடற்படைக்காக இதைத் தருவிக்கிறீர்கள் என்று மிகுந்த மரியாதையோடு கேட்டு எழுதினார். அன்றிலிருந்து பெட்டி சென்னையிலும், கடிதம் ஷைஜுவின் மெயிலிலும் இருக்கின்றன.

இன்று மாலை தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் போட்டு உரிமையாளர் சங்கம் நண்டைப் பார்க்கக் கூடுகிறது. நண்டு நீந்தாவிட்டால், சங்கம், இதே வேலைக்கு வேறொரு மெஷின் விற்க வந்த கொச்சிக்காரனுக்குக் கையெழுத்துப் போட்டுவிடும். அதோடு மாடியைக் காலி செய்து மண்டிக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

லீமாவின் செருப்புச் சத்தம் தேய்ந்ததும் ஜின்சி நாற்காலியை இழுத்து அருகில் போட்டாள்.

"இஞ்ச பாருங்க. ஒரு காரியம் சொல்லணும். சத்தம் போடக்கூடாது."

"நான் என்னைக்கு சத்தம் போட்டேன்?"

"மோட்டார் வந்தாச்சு."

ஷைஜு புட்டுக் கையோடு எழுந்தான். "சென்னையில விட்டுட்டாங்களா?"

"சென்னையில இல்ல. துபாயில இருந்து. வேளாங்கண்ணி அண்ணன் நேத்து லீவுக்கு வந்திச்சுல்லா? வரும்போ வாங்கிட்டு வரணும்னு நான்தான் போன்ல சொன்னேன். ஷார்ஜாவுல ஒரு கடையில கிட்டிச்சாம், அதே மோட்டார்தான். நீங்க எழுதி வச்சிருந்த நம்பர ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன்."

ஷைஜு உட்கார்ந்தான். ஜின்சியின் சித்தப்பா மகன் வேளாங்கண்ணி துபாயில் ஏசி மெக்கானிக். நல்லவன், சிரித்த முகம். உலகத் தரத்திலான வழங்கல் அமைப்பில் அவனுக்கு என்ன இடம் என்று ஷைஜுவுக்குப் பிடிபடவில்லை.

"பில் இருக்கா?"

"துண்டு இருக்கு."

"என்ன துண்டு?"

"அட்டைப்பெட்டியோட கொண்டு வந்தா எடை கூடும்லா? அதனால ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு குளிக்க துண்டுல சுத்தி, பெட்டிக்கு அடியில வச்சுக் கொண்டு வந்திச்சாம். பூசை முடிஞ்ச உடனே போயி வாங்கியிருவோம்."

அன்று பூசையில் பிரசங்கம் எதைப் பற்றி என்று ஷைஜுவிடம் கேட்டால் அவனுக்குத் தெரியாது.

*

துபாயிலிருந்து ஒருவன் லீவுக்கு வந்தால் இனயத்தில் நடக்கும் முதல் விசேஷம், பெட்டி உடைப்பது. வந்த ஆளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பாய் விரித்து, சொந்தக்காரப் பெண்கள் வயசு வரிசையில் உட்கார, வீட்டுக்காரி நடுவில் இருந்து கயிற்றை அறுப்பாள். டார்ச் ஒரு வீட்டுக்கு, தைலம் ஒரு வீட்டுக்கு, பால்பொடி ஒரு வீட்டுக்கு. வெறுங்கையோடு யாரும் எழுந்து போனதாக வரலாறு இல்லை. கொண்டு வந்தவனுக்கு இதில் வேலை எதுவும் கிடையாது. அவன் பெரும்பாலும் உள்ளறையில் உறங்கிக்கொண்டிருப்பான்.

வேளாங்கண்ணியும் நேற்று சாயங்காலம் அப்படித்தான் உறங்கிக்கொண்டிருந்தான்.

"நான் என்ன கண்டேன் ஜின்சி?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள் அவன் மனைவி லிஜா. "அடியில பாத்தா புது துண்டு நாலு, அழகா சுருட்டி வச்சிருக்கு. ஓகோ, மூத்தவங்களுக்கு மனுசன் துண்டு வாங்கிட்டு வந்திருக்காருன்னு நெனச்சு குடுத்துட்டேன். எனக்கு ஒண்ணு எடுத்து வச்சேன். காலையில விரிச்சா உள்ள குட்டி ஃபேன் கணக்கா ஒரு சாமானம். துண்டு வாங்கினா ஃபேன் ஓசி போலன்னு நெனச்சேன்."

"நீ சொல்லியிருக்கலாம்லா அண்ணே?" என்றாள் ஜின்சி.

"சொல்லதுக்குள்ள உறக்கம் வந்திட்டு மக்கா," என்றான் வேளாங்கண்ணி, சென்ட் மணக்க.

லிஜா தன் பங்கைக் கொண்டுவந்து நீட்டினாள். கறுப்பு வளையத்துக்குள் சின்ன விசிறி, பின்னால் வால் போல மூன்று வயர். ஷைஜு அதைக் கையில் வாங்கிப் பார்த்தான். எழுதி வைத்த எண்ணோடு எழுத்து பிசகாமல் ஒத்துப்போனது. அது அவனுக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது.

"மத்த மூணும் எங்க?"

"ஒண்ணு சூசம்மா பெரியம்மைக்கு. ஒண்ணு வியாகுலம் மாமாவுக்கு. இன்னொண்ணு..." லிஜா ஷைஜுவின் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாள். "உங்க மாமிக்கு."

காலையில் ஷைஜு மாமியாருக்குச் செய்த நேர்ச்சைப் பிரசங்கத்தை நினைத்து ஜின்சி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சரி," என்றான் ஷைஜு. "தூரத்துல இருந்து ஆரம்பிப்போம். முதல்ல சூசம்மா பெரியம்மா."

"நம்ம வீடு நாலு வீடு தள்ளிதான இருக்கு? அத முதல்ல வாங்கிட்டு போவோமே?"

"பக்கத்துல இருக்கிற சரக்க எப்ப வேணும்னாலும் எடுக்கலாம். இதெல்லாம் ஒரு முறை ஜின்சி. உனக்குப் புரியாது."

ஜின்சிக்கு நன்றாகப் புரிந்தது.

*

சூசம்மா பெரியம்மா வீட்டில் மோட்டார் மாதா சுரூபத்துக்கு முன்னால் இருந்தது. ஒரு பக்கம் மெழுகுவர்த்தி, ஒரு பக்கம் பிளாஸ்டிக் ரோஜா, நடுவில் மோட்டார். அதற்கும் ஒரு முழம் பிச்சிப்பூ சுற்றியிருந்தது.

"எனக்கு எதுக்கு மக்கா ஃபேன்? மாதாவுக்கு காத்து கிட்டட்டும்னு வச்சேன்," என்றாள் பெரியம்மா. "கறண்டுதான் எப்படி குடுக்கதுன்னு தெரியல. நீங்க வந்தது நல்லதாப் போச்சு."

ஷைஜு விஷயத்தைச் சொன்னான். பெரியம்மாவின் முகம் மாறியது.

"மாதாவுக்கு வச்சத திரும்ப எடுக்கதா?"

பேரம் பேசுவது எப்படி என்று ஷைஜுவுக்குப் பெங்களூரில் ஒரு வாரம் பயிற்சி கொடுத்திருந்தார்கள். எதிர்த்தரப்பின் தேவையை முதலில் அறிய வேண்டும் என்பது அதில் முதல் பாடம். எதிர்த்தரப்பு மாதா என்றால் என்ன செய்வது என்று பாடத்தில் இல்லை.

"புதுசா டேபிள் ஃபேனே வாங்கித் தாறேன் பெரியம்மா. சுத்துற ஃபேன்."

"சந்தையில வாங்குன ஃபேனும் துபாய் ஃபேனும் ஒண்ணா மக்கா?"

ஜின்சி குறுக்கே புகுந்தாள். "பெரியம்மா, இது கடலுக்குள்ள போற சாமானம். நம்ம ஜிபினுக்க நண்டுக்கு. மாதாவே கடலுக்கு அனுப்புதான்னு நெனச்சுக்கிடுங்க."

பெரியம்மா சுரூபத்தைப் பார்த்தாள். மோட்டாரைப் பார்த்தாள். எழுந்து போய்ப் பூவைப் பிரித்தாள்.

"அப்ப ஒண்ணு. இது தண்ணியில எறங்கும்போ மாதா பேரச் சொல்லி எறக்கணும். சும்மா எறக்கப்பிடாது."

"சொல்லுவோம்," என்று ஜின்சி சத்தியம் செய்தாள். சாயாவும் கேக்கும் சாப்பிடாமல் யாரும் அந்த வீட்டை விட்டுப் போக முடியாது என்பதால், அதில் கொஞ்சம் நேரம் போனது.

வியாகுலம் மாமா விஷயம் வேறு மாதிரி. அவர் மூன்று வள்ளமும் ஒரு போட்டும் உள்ளவர். போட்டு உரிமையாளர் சங்கத்துக்குத் துணைத் தலைவரும் அவர்தான். அவர்கள் போனபோது முற்றத்தில் ஒரு பைக் பேட்டரியை வைத்துக்கொண்டு, மோட்டாரின் வயரைப் பல்லால் கடித்து உரித்துக்கொண்டிருந்தார்.

"வாரும் மருமோனே. இதப் பாத்தீரா? துபாய் சாமானம் எல்லாம் டூப்ளிக்கேட்டு ஆயிப் போச்சு." வயரைப் பேட்டரியில் வைத்தார். மோட்டார் ஒரு நடுக்கம் நடுங்கி நின்றது. "கண்டீரா? குளிர் சொரம் வந்த மாதிரி. காலையில இருந்து இதான் செய்யுது."

அந்த வகை மோட்டாருக்குத் தனியாக ஒரு சர்க்யூட் வேண்டும், பேட்டரியில் நேராக வைத்தால் நடுங்கத்தான் செய்யும் என்று ஷைஜுவுக்குத் தெரியும். அதை விளக்க வாயும் திறந்தான். அப்போதுதான், சாயங்காலம் இதே மாமா தீர்ப்புச் சொல்ல வரப்போவதும், இதே மோட்டார் அவர் போட்டுக்கு அடியிலேயே போகப்போவதும் நினைவுக்கு வந்தன.

வாயை மூடிக்கொண்டான்.

"குடுங்க மாமா," என்றான். "நான் சரி பண்ணித் தாறேன்."

"நீரா?" மாமா அவனை மேலும் கீழும் பார்த்தார். "கம்பெனியில பெரிய ஆபீசருன்னுல்லா லீமா சொன்னா? மோட்டார் ரிப்பேரா பாக்கீரு?"

ஜின்சி சட்டென்று கடல் பக்கம் திரும்பி எதையோ ஆர்வமாகப் பார்த்தாள்.

"ஆமா மாமா," என்றான் வழங்கல் துறைத் தலைவர். "சின்னச் சின்ன ரிப்பேரும் பாக்கேன்."

"அப்ப எனக்க மிக்ஸியும் ஒண்ணு கிடக்கு," என்று மாமா உள்ளே போனார்.

*

வீட்டுக்குத் திரும்பும்போது ஷைஜுவின் ஒரு கையில் இரண்டு மோட்டார், மறு கையில் மிக்ஸி. லிஜா கொடுத்தது ஜின்சியிடம். ஜிபின் குட்டியானை வண்டியில் நண்டை ஏற்றிக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கியிருந்தான். தட்டையான மஞ்சள் உடம்பு, முன்னால் சுரண்டும் தூரிகை, நாலு மூலையிலும் மோட்டாருக்காக நாலு ஓட்டை.

கடித்த வயரை ஜிபின் பார்த்தான். கேள்வி கேட்கவில்லை. பற்ற வைத்து, டேப் சுற்றி, மூன்றையும் பூட்டி, நண்டைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினான்.

நண்டு வட்டம் போட்டது. ஒரே இடத்தில், ஒரே பக்கமாக, சந்தோஷமாக.

"கொள்ளாம்," என்றான் ஜிபின். "கோயில் திருவிழாவுல விடலாம். நாலாவது எங்க அத்தான்?"

"வந்துக்கிட்டிருக்கு."

"எங்க வந்துக்கிட்டிருக்கு?"

"அடுக்களையில," என்றாள் ஜின்சி.

ஜிபின் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். "அத்தான், எல்லாரும் இப்போ தேங்காப்பட்டணத்துக்கு கெளம்பியிருப்பாவ. வட்டம் போடுற நண்ட நான் அவியகிட்ட காட்ட முடியாது. எனக்கு வேற ஒண்ணும் தெரிய வேண்டாம். நாலாவது வேணும்."

அவன் குரலில் கேலி இல்லை. அவன் கண்ணும் சரியாக இல்லை. மூன்று ராத்திரி உறங்காத கண். ஷைஜு அதைப் பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போனான்.

லீமா மரச்சீனிக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மாமி."

"சாப்பிடுதியளா மருமோனே?"

"இல்ல. அந்தத் துண்டு..."

"எந்தத் துண்டு?"

"நேத்து வேளாங்கண்ணி வீட்டுல கிட்டின துண்டு."

"ஓ, அதா. நல்ல கனமான துண்டு. கனம் கூடினா தரம் கூடும்னு சொல்லி அலமாரியில வச்சுப் பூட்டுனேன். ஃபாதர் வீடு மந்திரிக்க வந்தா கை தொடைக்க குடுக்கலாம்னு." லீமா மூடியைத் திறந்து ஆவியை ஒதுக்கினாள். "அது எதுக்கு உங்களுக்கு?"

"அதுக்குள்ள நம்ம கம்பெனிச் சாமானம் ஒண்ணு இருக்கு."

"அப்படியா? ரசீது இருக்கா?"

ஷைஜு கதவு நிலையை நகத்தால் சுரண்டினான்.

"எங்க நிக்குதுன்னு பாக்க வழி உண்டா?"

"மாமி..."

"இல்ல, கேக்கேன். ஷார்ஜா கடையில இருந்து வேளாங்கண்ணி, வேளாங்கண்ணிகிட்ட இருந்து லிஜா, லிஜாகிட்ட இருந்து நான். மூணு கை மாறியிருக்கு. நான் இடையில உறங்கியிருந்தா?"

"தப்புதான் மாமி."

"தப்புன்னு நான் சொல்லல்ல. தாருங்கன்னு கேட்டா தந்துட்டுப் போறேன். கேக்கதுக்குத்தான் உங்களுக்கு ஊர் முழுக்க சுத்தணும்."

"தாருங்க மாமி," என்றான் ஷைஜு.

லீமா கையைத் துடைத்துக்கொண்டு, அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து மோட்டாரை எடுத்து அவன் கையில் வைத்தாள். வயர் மூன்றும் சிக்கல் எடுத்து, அழகாகச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டிருந்தது.

"லிஜா அப்பவே ஓடி வந்து சொல்லியாச்சு. எனக்க மவனுக்க காரியம், அலமாரியில வச்சிட்டு இருப்பேனா? ஓடுங்க. துண்டத் தர மாட்டேன்."

*

தேங்காப்பட்டணத்தில் வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ஞாயிறு ஆகையால் போட்டுகள் எல்லாம் கரையோடு கட்டிக் கிடந்தன. சங்கத்துக்காரர்கள் வெள்ளை வேட்டியும், எதையும் நம்பாத முகமுமாக வரிசையாக நின்றார்கள். வியாகுலம் மாமா தன் போட்டையே கொடுத்திருந்தார். ஓசியில் சுரண்டிக் கிடைத்தால் நல்லதுதானே.

ஜிபின் நண்டைக் கயிற்றில் தொங்கவிட்டான். தண்ணீர் தொடும் நேரத்தில், கொடுத்த வாக்கு ஜின்சிக்கு நினைவு வந்தது.

"மரியே!" என்று கத்தினாள்.

கடலில் வலை இறக்கும்போது கேட்டுப் பழகிய குரல். சங்கம் முழுவதும் யோசிக்காமலேயே "வாழ்க!" என்றது. தலைவர் மட்டும் பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

நண்டு மூழ்கியது. வட்டம் போடவில்லை. நேராகப் போட்டின் அடிவயிற்றைப் பிடித்து ஏறி ஒட்டிக்கொண்டது. நண்டின் கேமராவோடு இணைத்துக் கரையில் வைத்திருந்த டிவியில் கலங்கலாகப் பச்சைப் பாசியும் வெள்ளைச் சிப்பியும் தெரிந்தன. தூரிகை ஓடியது. முதலில் ஒன்றும் நடக்காதது போலிருந்தது. அப்புறம் நண்டு போன வழியில் மட்டும் போட்டின் பழைய நீலப் பெயின்ட், ரோடு போட்ட மாதிரி துலங்கியது.

"எலே, எனக்க போட்டு நீலமா?" என்றார் வியாகுலம் மாமா.

கூட்டம் டிவிக்கு முன்னால் நெருக்கியது. ஜிபின் சிரிக்கவில்லை. சிரித்தால் அழுகை வந்துவிடும் என்பது போலக் கயிற்றையே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். லீமா முந்தானையால் மகனுடைய முகத்தைத் துடைத்தாள். அவன் தட்டிவிட்டான். அவள் மறுபடியும் துடைத்தாள்.

சங்கத் தலைவர் பேச்சை வளர்க்கவில்லை. ஜூனில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் முன்னே மூன்று நண்டு வேண்டும் என்றார். கொச்சிக்காரனுக்குத் தானே போன் செய்து சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.

நண்டைக் கரையேற்றியபோது வியாகுலம் மாமா குனிந்து அதன் பின்புறத்தை உற்றுப் பார்த்தார்.

"மருமோனே, இந்த ஃபேன எங்கேயோ கண்ட மாதிரி இருக்கே."

"எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும் மாமா."

"டேப்பு சுத்தியிருக்கு."

"மிக்ஸி நாளைக்கு ரெடி மாமா," என்றான் ஷைஜு.

ஜிபின் அவனைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான். "மூணு நண்டு. பன்னிரண்டு மோட்டார். அத்தான், எப்படி?"

"அதுக்கெல்லாம் ஒரு முறை இருக்கு. நான் பாத்துக்கிடுதேன்."

சொல்லி முடிக்கும்போதே சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. சென்னையிலிருந்து மெயில். தங்கள் கடலடி ஊர்தியை நேரில் காண அதிகாரிகள் இருவர் வரும் புதன்கிழமை வடசேரி வருகிறார்கள், ஊர்தி நிறுத்தப்பட்டிருக்கும் துறைமுகத்தின் பெயரைத் தெரிவிக்கவும் என்று அதே மரியாதையோடு எழுதியிருந்தது. மண்டி மாடிப்படியில் வாழைத்தாருக்கு நடுவே இரண்டு அதிகாரிகள் ஏறிவருவதை ஷைஜு மனக்கண்ணில் பார்த்தான். போனைத் திரும்பப் பையில் போட்டான்.

"யாரு அத்தான்?"

"கம்பெனி விளம்பரம்."

பக்கத்தில் வேளாங்கண்ணி லிஜாவிடம் அளந்துகொண்டிருந்தான். "ஷார்ஜா கடைக்காரன் நம்ம பக்கத்துப் பாறசாலைக்காரன் கேட்டியா. கடை அடைக்க நேரம். ஊருக்குன்னு சொன்ன உடனே ஷட்டரத் தூக்கித் திறந்து தந்தான். இனியும் வேணும்னா சொல்லி விட்டாப் போதும், எடுத்து வைப்பான். என்ன, வெறுங்கையோட போனா கொள்ளாது. ஏத்தங்காய் வத்தல்னா அவனுக்கு உயிரு."

ஷைஜு அதைக் கேட்காதவன் போலக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

*

விளக்கு வைக்கும் நேரத்தில், கொஞ்சம் காற்று வாங்கி வருகிறேன் என்று ஜின்சியிடம் சொல்லிவிட்டு ஷைஜு வீட்டை விட்டு இறங்கினான். காற்று கடற்கரைப் பக்கம் இருந்தது. அவன் பின்சந்து வழியாகப் போனான். கக்கத்தில், ஏத்தங்காய் வறுவல் வாசம் வரும் ஒரு அட்டைப்பெட்டி. நாலு பக்கமும் கயிறு போட்டு, மேலே கறுப்பு மார்க்கரில் கொட்டை எழுத்தில் ஷார்ஜா கடைக்காரனின் பேரும் ஊரும் போன் நம்பரும்.

லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை ஷார்ஜாவுக்கு விமானம் ஏறவிருந்த ஊர்க்காரப் பையன் ததேயுஸ், கட்டில் மேல் பெட்டியைத் திறந்து வைத்து அடுக்கிக்கொண்டிருந்தான். ஷைஜு கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான். ஊர்க்கதை கொஞ்சம் பேசினான். அடுத்து லீவுக்கு வருவது யார் யார் என்று பேச்சுவாக்கில் விசாரித்தான்.

"மே மாசம் ரோமால்டு அண்ணன் வரும்."

"அவருக்கு லீவு கிட்டலன்னா?"

"கிட்டும்."

"ஒரு பேச்சுக்குக் கேக்கேன் மக்கா. வேற ஒரு ஆளு?"

ததேயுஸ் யோசித்து இன்னொரு பேர் சொன்னான். ஷைஜு அதை மனசுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு, அட்டைப்பெட்டியைக் கட்டிலின் ஓரத்தில் மெதுவாக வைத்தான்.

"அண்ணே," என்றான் ததேயுஸ் பரிதாபமாக. "எடை எல்லாம் எப்பவோ தெகஞ்சு போச்சு. இனி ஒரு சீப்பு கூட வைக்க முடியாது."

ஷைஜு ஜன்னல் வழியாக ஒரு முறை சந்துப் பக்கம் பார்த்தான். யாரும் இல்லை. எழுந்து போய், திறந்திருந்த பெட்டிக்குள் கையை விட்டு இங்கும் அங்கும் அழுத்திப் பார்த்தான்.

"எலே மக்கா," என்றான், அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் போல. "இத்தன சட்டை எதுக்கு? அங்க உனக்கு கம்பெனி யூனிபாரம் தானே?"

மேலே இருந்த இரண்டு சட்டைகளை வெளியே எடுத்து, மடிப்புக் கலையாமல் கட்டிலில் வைத்தான்.